பேட்ச் பைல் சொல்வதை நம்பலாமா? எக்ஸிட் கோடைக் கேட்டுப் பழகுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதிலேயே எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "முக்கியமான பைல்களை வாரம் ஒரு முறை வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வையுங்கள்." தெரிந்தவர் யாராவது இதற்கென ஒரு சிறிய பேட்ச் பைலையும் எழுதிக் கொடுத்துவிடுவார். டெஸ்க்டாப்பில் அதை டபுள் கிளிக் செய்தால் ஒரு கறுப்பு விண்டோ வரும். "பேக்கப் முடிந்தது" என்று சொல்லும். நாமும் நிம்மதியாக எழுந்து போய்விடுவோம்.

அந்த வரி உண்மைதானா? பைல்கள் நிஜமாகவே போய்ச் சேர்ந்தனவா? இதை பேட்ச் பைலே சரிபார்த்துச் சொல்லும்படி எழுதுவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நோட்பேட் தெரிந்தால் போதும். வேறு எந்த சாப்ட்வேரும் தேவையில்லை.

முடிச்சூரில் நடந்தது

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1, 2 தேதிகளைத் தாம்பரம்வாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை கடந்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. முடிச்சூரில் என் பெரியப்பா வீட்டின் தரைத்தளத்திலும் தண்ணீர். மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் முழுவதுமாக மூழ்கிவிட்டது.

யாரும் அதற்காக அழவில்லை. பேக்கப் டிஸ்க் பரணில் பத்திரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியப்பா தவறாமல் ஐகானைத் தட்டுவார். "பேக்கப் முடிந்தது" என்று வந்ததும்தான் டிஸ்க்கைக் கழற்றி உறையில் போடுவார்.

தண்ணீர் வடிந்தபின் அந்த டிஸ்க்கை என் லேப்டாப்பில் செருகிப் பார்த்தோம். ஜூன் மாதக் கடைசிக்குப் பிறகு எடுத்த ஒரு படம்கூட அதில் இல்லை. ஆகஸ்டில் நடந்த பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும் இல்லை. "வாரா வாரம் முடிந்ததுன்னு சொல்லிச்சேப்பா" என்றார் பெரியப்பா. அது உண்மைதான். அப்படிச் சொல்லும்படி அந்த பேட்ச் பைலை எழுதியவன் நான்தான். பிளஸ் டூ விடுமுறையில், மூன்றே வரிகளில் எழுதியது. அதன் சாரம் இது:

1. எக்ஸ்காப்பி டி:\படங்கள் எஃப்:\படங்கள் /இ /ஐ /ஒய் > நல் 2>&1
2. எக்கோ பேக்கப் முடிந்தது
3. பாஸ்

(கட்டளைகளை இந்தக் கட்டுரையில் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்திலேயே செய்ய வேண்டும். குறிகளும் எண்களும் அப்படியே வரவேண்டும்.)

ஜூன் கடைசியில் பெரியப்பா இன்டர்நெட்டுக்காக ஒரு டேட்டா கார்டு வாங்கினார். அந்தக் காலத்து டேட்டா கார்டுகள் பலவும், செருகியவுடன் தங்கள் சாப்ட்வேர் இருக்கும் சிடி டிரைவ் ஒன்றையும் காட்டும். அந்தப் போலி சிடி டிரைவ் எஃப் என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டது. பேக்கப் டிஸ்க் ஜி ஆகிவிட்டது. எக்ஸ்காப்பி எழுத முடியாத சிடி டிரைவில் எழுதப் பார்த்து, ஒவ்வொரு வாரமும் தோற்றது.

தோற்றதை அது சொல்லாமல் இல்லை. சொன்னது. ஆனால் திரை அழகாக இருக்க வேண்டும் என்று முதல் வரியின் முடிவில் "> நல் 2>&1" போட்டு அதன் செய்திகளை எல்லாம் நான் மறைத்துவிட்டேன். இரண்டாவது வரியோ முதல் வரி வென்றதா தோற்றதா என்று கேட்கவே இல்லை. எது நடந்தாலும் "முடிந்தது" என்று எழுதிவிடும்.

எக்ஸிட் கோட் என்றால் என்ன?

நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கும் விசிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போகலாம். கூட்டத்தில் பின்படிக்கட்டில் யார் ஏறினார், யார் தொங்குகிறார் என்று டிரைவருக்குத் தெரியாது. விசிலை எண்ணித்தான் அவர் வண்டியை எடுக்கிறார். விசிலையே காதில் வாங்காமல் வண்டியை எடுக்கும் டிரைவரைப் போன்றதுதான் நான் எழுதிய பேட்ச் பைல்.

விண்டோஸில் ஒவ்வொரு புரோகிராமும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. இதுதான் எக்ஸிட் கோட். பொதுவான வழக்கம், 0 என்றால் எல்லாம் சரி, வேறு எண் என்றால் ஏதோ சொல்ல இருக்கிறது என்பதுதான். சி மொழி படித்தவர்கள் மெயின் பங்ஷனின் கடைசியில் "ரிட்டர்ன் 0" என்று எழுதியிருப்பார்கள். ஏன் என்று பலர் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த 0 தான் இது.

சரி என்பதற்கு 1 வைக்காமல் 0 வைத்தது ஏன்? ஒரு வேலை சரியாக முடிய ஒரே வழிதான். கெட்டுப்போகப் பல வழிகள். டிஸ்க் நிறைந்திருக்கலாம், பைல் இல்லாமல் இருக்கலாம், அனுமதி கிடைக்காமல் போகலாம். 0 வெற்றிக்கு என்று ஒதுக்கிவிட்டால், மீதி எண்கள் எல்லாவற்றையும் காரணங்களுக்குப் பயன்படுத்தலாம் அல்லவா?

1983-ல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. பேட்ச் பைலுக்குள் இந்த எண்ணை "எர்ரர்லெவல்" என்ற பெயரில் கேட்டுப் பெறலாம். நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

நீங்களே பார்க்கலாம்

விண்டோஸ் கீயைத் தட்டி "சிஎம்டி" என மூன்று எழுத்துக்களை டைப் செய்து எண்டர் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் விண்டோ திறக்கும். அதில் இப்படிச் செய்யுங்கள்:

1. டிர் சி:\விண்டோஸ் என டைப் செய்து எண்டர் தட்டவும். பைல் பட்டியல் ஓடும்.
2. எக்கோ %எர்ரர்லெவல்% என டைப் செய்து எண்டர் தட்டவும். 0 என்று வரும்.
3. இப்போது டிர் சி:\ என்பதற்குப் பின் இல்லாத ஒரு பெயரைக் கொடுங்கள். பைல் இல்லை என்று செய்தி வரும்.
4. மறுபடியும் எக்கோ %எர்ரர்லெவல்%. இம்முறை 1 வரும்.
5. கீபோர்டில் கண்டபடி நாலு எழுத்தைத் தட்டி எண்டர் கொடுங்கள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று விண்டோஸ் முறைக்கும். பிறகு எக்கோ %எர்ரர்லெவல்%. 9009 வரும்.

இந்த 9009-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் பைலில் ஒரு கட்டளையின் ஸ்பெல்லிங் தவறாக இருந்தாலும், அந்த புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் இந்த எண்தான் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். எர்ரர்லெவல் கடைசியாக ஓடியதன் எண்ணை மட்டுமே வைத்திருக்கும். அடுத்த புரோகிராம் ஓடினால் பழைய எண் போய்விடும். எனவே புரோகிராம் முடிந்த மறுவரியிலேயே அதை எடுத்து ஒரு பெயரில் சேமித்துவிடுவது நல்ல பழக்கம்:

செட் குறி=%எர்ரர்லெவல்%

சமக் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டால் "குறி" என்ற பெயருக்குப் பதில் "குறி" என்பதோடு ஓர் இடைவெளியும் சேர்ந்த வேறு பெயர் உருவாகிவிடும். பிறகு தேடினால் கிடைக்காது.

எண்ணைக் கேட்டு முடிவெடுப்பது

எண்ணைச் சோதிக்க இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி பழையது:

இஃப் எர்ரர்லெவல் 1 கோடூ தவறு

படித்தால் "எர்ரர்லெவல் 1 ஆக இருந்தால்" என்று தோன்றும். அப்படி அல்ல. "1 அல்லது அதற்கு மேல் இருந்தால்" என்பதே இதன் பொருள். இங்கேதான் புதியவர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். "இஃப் எர்ரர்லெவல் 0 எக்கோ வெற்றி" என்று எழுதினால் என்ன ஆகும்? 1, 5, 9009 எல்லாமே 0-க்கு மேல்தானே. எனவே தோற்றாலும் "வெற்றி" என்று வரும். என்னுடைய பழைய மூன்று வரிகளை விட இது மோசம். சோதிப்பதுபோல் தோன்றும், ஆனால் சோதிக்காது. பல எண்களைச் சோதிப்பதென்றால் பெரிய எண்ணில் தொடங்கிச் சிறிய எண்ணுக்கு இறங்கி வரவேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது வழி நேரடியானது:

இஃப் %குறி% என்இக்யூ 0 கோடூ தவறு

இதில் என், இ, க்யூ என்ற மூன்று எழுத்துக்களும் சேர்ந்து "சமம் இல்லை" எனப் பொருள்படும். அதேபோல் ஜி, இ, க்யூ சேர்ந்தால் "சமம் அல்லது பெரியது". எல், எஸ், எஸ் சேர்ந்தால் "சிறியது". கோடூ என்பதையும் இடைவெளி இல்லாமல் எழுதுங்கள்.

இரண்டில் எது நல்லது? பாதியிலேயே செயலிழந்து விழும் புரோகிராம்கள் சில சமயம் மைனஸ் எண்ணை விட்டுச் செல்லும். தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டு விழும் புரோகிராம் விட்டுச் செல்லும் எண் -1073741819. இது 1-ஐ விடச் சிறியது. "இஃப் எர்ரர்லெவல் 1" இதைப் பிடிக்காது. "0-க்குச் சமம் இல்லை" என்ற சோதனை பிடித்துவிடும். ஆகவே இரண்டாவது வழியையே பழகிக்கொள்ளுங்கள்.

எல்லா புரோகிராமுக்கும் ஒரே அகராதி கிடையாது

0 என்றால் சரி, மற்றதெல்லாம் தவறு என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அந்தந்த புரோகிராம்தான் தீர்மானிக்கிறது. பேக்கப்புக்கு நாம் பயன்படுத்தும் இரண்டு கட்டளைகளையே எடுத்துக்கொள்வோம்.

எக்ஸ்காப்பி தரும் எண்கள்:

0 - பிழையின்றிக் காப்பி ஆனது
1 - காப்பி செய்யப் பைல் எதுவும் கிடைக்கவில்லை
2 - நடுவில் கண்ட்ரோல் சி தட்டி நிறுத்திவிட்டீர்கள்
4 - தொடங்கவே முடியவில்லை (இடம் போதவில்லை, டிரைவ் எழுத்து தவறு, கட்டளையில் பிழை போன்றவை)
5 - டிஸ்க்கில் எழுதும்போது பிழை

இது எளிது. 0 தவிர எது வந்தாலும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ராபோகாப்பி. "ரோபஸ்ட் பைல் காப்பி" என்பதன் சுருக்கம். விஸ்டா முதல் விண்டோஸுடனேயே வருகிறது. புதிய பைல்களையும் மாறிய பைல்களையும் மட்டும் எடுத்துச் செல்வதால் பேக்கப்புக்கு மிகவும் ஏற்றது. ஆனால் இதன் எண்கள் வேறு மாதிரி:

0 - காப்பி செய்யப் புதிதாக எதுவும் இல்லை, பிழையும் இல்லை
1 - பைல்கள் காப்பி ஆயின
2 - பேக்கப் டிஸ்க்கில் உபரியாகச் சில பைல்கள் உள்ளன
4 - ஒரே பெயரில் ஒரு பக்கம் பைலும் மறுபக்கம் போல்டருமாகப் பொருந்தாதவை உள்ளன
8 - சில பைல்களைக் காப்பி செய்ய முடியவில்லை
16 - பெரிய பிழை, எதுவும் காப்பி ஆகவில்லை

கவனித்தீர்களா? இங்கே 1 என்பது நல்ல செய்தி. எண்கள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகப் போவதற்கும் காரணம் உண்டு. ஒரே ஓட்டத்தில் பல நிலைகள் சேர்ந்து வரலாம். அப்போது எண்களைக் கூட்டித் தரும். 3 வந்தால் 1 + 2. அதாவது பைல்கள் காப்பி ஆயின, உபரிப் பைல்களும் உள்ளன. 9 வந்தால் 1 + 8. சில பைல்கள் போயின, சில போகவில்லை. இரட்டிப்பாகப் போகும் எண்களை எப்படிக் கூட்டினாலும் ஒரு கூட்டுத்தொகை ஒரே விதமாகத்தான் பிரியும். அதனால் குழப்பம் வராது.

சுருக்கமாக, ராபோகாப்பியில் 8-க்குக் கீழே இருந்தால் பைல்கள் தவறவில்லை. 8 அல்லது அதற்கு மேல் என்றால் ஏதோ போய்ச் சேரவில்லை. இது தெரியாமல் "0 இல்லையென்றால் தவறு" என எழுதினால், பேக்கப் சரியாக நடந்த நாளில் எல்லாம் அபாய மணி அடிக்கும். அடிக்கடி பொய்யாக அடிக்கும் மணியை நாளடைவில் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதுவும் ஆபத்துதான்.

முழு பேட்ச் பைல்

முதலில் டிரைவ் எழுத்து மாறும் பிரச்சினையைத் தீர்ப்போம். பேக்கப் டிஸ்க்கைச் செருகுங்கள். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் எடுங்கள். உங்கள் டிஸ்க்கை ரைட் கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் வரியைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். அகரவரிசையின் கடைசிப் பக்கம் இருப்பதால் புதிதாகச் செருகும் பென் டிரைவ் எதுவும் அதைப் பிடிக்க வாய்ப்பு குறைவு. பார்த்துச் செய்யுங்கள். அந்த விண்டோவில் பார்மட் என்ற வரியும் இருக்கும். அதைத் தொடவேண்டாம்.

அடுத்து, நோட்பேடைத் திறந்து "இது பேக்கப் டிஸ்க்" என்று ஒரு வரி டைப் செய்து, அந்த டிஸ்க்கிலேயே "அடையாளம்" என்ற பெயரை ஆங்கில எழுத்தில் கொடுத்து சேவ் செய்யுங்கள். டிஎக்ஸ்டி என்ற பின்னொட்டை நோட்பேடே சேர்த்துக்கொள்ளும். செருகியிருப்பது சரியான டிஸ்க்தானா என்று இந்தப் பைலைத் தேடித்தான் நம் பேட்ச் பைல் தெரிந்துகொள்ளப் போகிறது.

இனி நோட்பேடில் புதிதாகக் கீழ்க்கண்ட வரிகளை அடியுங்கள். வரிசை எண்களை மட்டும் டைப் செய்ய வேண்டாம்.

1. @எக்கோ ஆஃப்
2. இஃப் நாட் எக்ஸிஸ்ட் எக்ஸ்:\அடையாளம்.டிஎக்ஸ்டி கோடூ டிஸ்க்இல்லை
3. ராபோகாப்பி டி:\படங்கள் எக்ஸ்:\படங்கள் /இ /ஆர்:2 /டபிள்யூ:5
4. செட் குறி=%எர்ரர்லெவல்%
5. இஃப் %குறி% எல்எஸ்எஸ் 0 கோடூ தவறு
6. இஃப் %குறி% ஜிஇக்யூ 8 கோடூ தவறு
7. எக்கோ பேக்கப் சரியாக முடிந்தது. எண்: %குறி%
8. பாஸ்
9. எக்ஸிட் /பி 0
10. :டிஸ்க்இல்லை
11. எக்கோ பேக்கப் டிஸ்க் இல்லை. எதுவும் காப்பி ஆகவில்லை.
12. பாஸ்
13. எக்ஸிட் /பி 2
14. :தவறு
15. எக்கோ பேக்கப் தோல்வி. எண்: %குறி%
16. பாஸ்
17. எக்ஸிட் /பி 1

திரையில் வரும் செய்திகளையும் ஆங்கில எழுத்திலேயே தமிழாக அடியுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவில் தமிழ் எழுத்துக்கள் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

வரிகளைச் சற்று விளக்கிவிடுகிறேன். 2-ஆம் வரி, அடையாளப் பைல் இல்லாவிட்டால் காப்பியைத் தொடங்காமலேயே 10-ஆம் வரிக்குப் போய்விடும். 3-ஆம் வரியில் /இ என்பது உட்போல்டர்களையும் சேர்க்கச் சொல்கிறது. /ஆர்:2 என்றால் ஒரு பைல் போகவில்லை என்றால் இரண்டு முறை மறுபடி முயற்சி செய். /டபிள்யூ:5 என்றால் ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 5 விநாடி பொறு. இவற்றைக் கொடுக்காவிட்டால் ராபோகாப்பி ஒரு பைலுக்காக 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறையும் 30 விநாடி பொறுத்து முயன்றுகொண்டிருக்கும். தோல்வி எண்ணைக் காண கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்!

5-ஆம் வரி, பாதியில் விழுந்து மைனஸ் எண் கொடுத்தால் பிடிப்பதற்கு. 6-ஆம் வரி, ராபோகாப்பியின் 8-ஆம் எண் விதி. 9, 13, 17 வரிகளில் உள்ள எக்ஸிட் /பி என்பது நம் பேட்ச் பைலே தன் எக்ஸிட் கோடை விட்டுச் செல்வதற்கு. அதாவது இனி நம் பேட்ச் பைலும் ஒழுங்காக விசில் கொடுக்கும். /பி இல்லாமல் எக்ஸிட் என்று மட்டும் எழுதினால், கமாண்ட் பிராம்ப்டில் இருந்து ஓட்டும்போது விண்டோவே மூடிக்கொள்ளும்.

சேவ் செய்யும்போது "சேவ் ஆஸ் டைப்" என்ற இடத்தில் "ஆல் பைல்ஸ்" என மாற்றிவிட்டு, பெயரின் கடைசியில் புள்ளியும் பேட் என்ற பின்னொட்டும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அது வெறும் டெக்ஸ்ட் பைலாகவே இருக்கும். டபுள் கிளிக் செய்தால் நோட்பேட்தான் திறக்கும்.

வழக்கமாகச் செய்யும் தவறுகள்

* பேட்ச் பைலுக்கே "ராபோகாப்பி" என்று பெயர் வைப்பது. உள்ளே ராபோகாப்பி என்று வரும்போது விண்டோஸ் முதலில் அதே போல்டரில்தான் தேடும். உங்கள் பேட்ச் பைல் தன்னைத்தானே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். "வாரபேக்கப்" போல வேறு பெயர் வையுங்கள்.

* "செட் எர்ரர்லெவல்=0" என்று எழுதுவது. எண்ணைத் துடைத்துவிட்டுத் தொடங்கலாம் என்று நினைத்துச் சிலர் செய்கிறார்கள். இதனால் அந்தப் பெயரில் உங்களுடைய சொந்த எண் ஒன்று உருவாகி 0 ஆகவே நின்றுவிடும். பிறகு %எர்ரர்லெவல்% என்று எப்போது கேட்டாலும் 0 தான்.

* அடைப்புக்குறிக்குள் %எர்ரர்லெவல்% போடுவது. இஃப் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி திறந்து பல வரிகள் எழுதினால், அந்த வரிகள் ஓடத் தொடங்கும் முன்பே விண்டோஸ் உள்ளே இருக்கும் சதவீதக் குறிகளுக்கு எல்லாம் மதிப்பைப் போட்டுவிடும். உள்ளே ஓடும் புரோகிராமின் எண் கிடைக்காது, பழைய எண்தான் கிடைக்கும். மேலே நான் அடைப்புக்குறி இல்லாமல் கோடூ மட்டும் பயன்படுத்தியதற்கு இதுவே காரணம்.

* போல்டர் பெயரில் இடைவெளி இருந்தும் மேற்கோள் குறி போடாமல் விடுவது. போட்டாலும், மூடும் மேற்கோள் குறிக்கு முன்னால் பின்சாய்கோடு வரக்கூடாது. வந்தால் ராபோகாப்பி பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டு 16 என்ற எண்ணைத் தரும்.

* தெரியாமல் /மிர் சேர்ப்பது. யாராவது இதைப் பரிந்துரைப்பார்கள். கம்ப்யூட்டரில் இல்லாத பைல்களை பேக்கப் டிஸ்க்கில் இருந்தும் அழித்துவிடும் கட்டளை இது. தவறுதலாக நீங்கள் ஒரு போல்டரை அழித்திருந்தால், அடுத்த பேக்கப்பில் அதன் நகலும் போய்விடும். எண்ணோ, எல்லாம் சரி என்றே சொல்லும்!

வேண்டுமென்றே தோற்கடித்துப் பாருங்கள்

எழுதிய பேட்ச் பைல் சரியாக ஓடியதும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அது தோல்வியைச் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்று சோதனைகள் போதும்.

முதல் சோதனை: பேக்கப் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். "பேக்கப் டிஸ்க் இல்லை" என்று வரவேண்டும்.

இரண்டாவது: 3-ஆம் வரியில் டி:\படங்கள் என்பதை இல்லாத ஒரு போல்டர் பெயராக மாற்றி ஓட்டுங்கள். "பேக்கப் தோல்வி. எண்: 16" என்று வரவேண்டும். பிறகு மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது: எல்லாம் சரியாக வைத்து இரண்டு முறை ஓட்டுங்கள். புதிய படங்கள் இருந்தால் முதல் முறை 1 வரும். உடனே மறுபடி ஓட்டினால் புதிதாக எதுவும் இல்லாததால் 0 வரும். உபரிப் பைல் இருந்தால் 3, 2 என்று வரலாம். அதுவும் சரியே.

இந்த மூன்றையும் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். 2015-ல் நான் முதல் சோதனையை மட்டும் ஒரு தடவை செய்திருந்தால்கூட, டிஸ்க்கே இல்லாமல் "பேக்கப் முடிந்தது" என்று அது சொல்வதை அன்றே பார்த்திருப்பேன்.

தானாக ஓடும்படி வைப்பவர்களுக்கு

பேட்ச் பைலை டாஸ்க் ஷெட்யூலர் மூலம் வாராவாரம் தானாக ஓடும்படி அமைக்கலாம். அப்படி அமைத்தால் 8, 12, 16 வரிகளில் உள்ள பாஸ் கட்டளையை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது வந்து கீயைத் தட்டும் வரை அது காத்துக்கொண்டே இருக்கும்.

டாஸ்க் ஷெட்யூலரில் "லாஸ்ட் ரன் ரிசல்ட்" என்று ஒரு பத்தி உண்டு. அதில் வருவது உங்கள் பேட்ச் பைல் விட்டுச் சென்ற எக்ஸிட் கோட்தான். 0x0 என்றால் சரி. நம் பேட்ச் பைலில் 0x1 என்றால் பேக்கப் தோல்வி, 0x2 என்றால் டிஸ்க் இல்லை. எண்ணுக்கு முன்னால் வரும் 0x என்பது அது 16 அடிமான எண் என்பதற்கான அடையாளம். மாதம் ஒரு முறையாவது அந்தப் பத்தியைத் திறந்து பாருங்கள். பேட்ச் பைல் எவ்வளவு சரியாக எண்ணைக் கொடுத்தாலும், அதைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

கடைசியாக ஒன்று

எக்ஸிட் கோட் 0 என்றால், தன் வேலை முடிந்ததாக அந்த புரோகிராம் கருதுகிறது என்றுதான் பொருள். நீங்கள் தவறான போல்டரைக் கொடுத்திருந்தால், அந்தத் தவறான போல்டரை அது பிழையின்றிக் காப்பி செய்துவிட்டு நல்ல எண்ணையே தரும். எனவே மாதம் ஒரு முறை பேக்கப் டிஸ்க்கைத் திறந்து, கடைசியாக எடுத்த படம் ஒன்றை அங்கிருந்தே திறந்து பாருங்கள். மனத்திருப்தி போதாதவர்கள் கமாண்ட் பிராம்ப்டில் எஃப், சி என்ற இரண்டு எழுத்துக் கட்டளையையும், அடுத்து /பி என்பதையும், பிறகு இரண்டு பைல்களின் பெயரையும் கொடுத்தால், அது இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் எக்ஸிட் கோட் 0. வேறுபட்டால் 1. படித்துவிட்டீர்களே, இனி அதன் பொருள் உங்களுக்கே தெரியும்.

பெரியப்பா இப்போதும் ஞாயிற்றுக்கிழமை பேக்கப் எடுக்கிறார். அறுபதாம் கல்யாணப் படங்களில் சொந்தக்காரர்களின் செல்போன்களில் இருந்த இருபது, முப்பது மட்டும் திரும்பக் கிடைத்தன. "முடிந்தது" என்ற சொல்லை அவர் இப்போது படிப்பதில்லை. பக்கத்தில் வரும் எண்ணைத்தான் படிக்கிறார். சில வாரங்களில் போன் செய்து, "இன்னிக்கு மூணு வந்திருக்கு, சரிதானே?" என்று கேட்பார்.

சரிதான் பெரியப்பா. எட்டு வந்தால் மட்டும் உடனே கூப்பிடுங்கள்.